தயிர்ச் சட்டியின் சூடு

கொரோனா ஓய்ந்து, சமையல் கேஸுக்கு நின்ற வரிசைகளும் முடிந்து, இலங்கையின் மலைநாட்டில் மறுபடியும் கல்யாணங்கள் பெரிதாக நடக்கத் தொடங்கிய காலம் அது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதி அனுப்பச் சொன்னது என் தங்கை. இதில் அவளும் வருகிறாள். தன்னைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லையாம், கொஞ்சம் பார்த்து எழுதினால் போதுமாம்.

நான் டிக்கோயாவில் சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்கிறவள். ஆரம்பத்தில் ஹட்டன் கடைகளுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுத்தேன். பிறகு சடங்கு வீடு, பிறந்தநாள், கல்யாணம் என்று மெல்ல வளர்ந்தது. பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை வீட்டின் பின்பக்கம் சமைப்பதற்குத் தகரம் இறக்கிய ஒரு குசினி, நான், தங்கை, தேவைப்பட்டால் கூப்பிடுவதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து தூங்கிவிட்டுப் போவார். ஆகவே நல்லது கெட்டது எல்லாம் என் தலையில்தான்.

கொரோனா வந்து போனதில் எனக்கு மூக்கு கெட்டுப்போயிற்று. முதலில் ஒன்றுமே மணக்கவில்லை. பிறகு மணக்கத் தொடங்கியது, ஆனால் எல்லாம் தப்புத் தப்பாக. வெங்காயம் வதக்கினால் குப்பை நாற்றம். கோப்பி போட்டால் டயர் எரிகிற நாற்றம். கோழி என்றால் கேட்கவே வேண்டாம், நல்ல கோழியே எனக்கு அழுகினது மாதிரித்தான் மணக்கும். சமைக்கிறவளுக்கு மூக்கு போனது வெளியே தெரிந்தால் யார் ஓடர் கொடுப்பார்கள்? தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தேன். உப்பு, உறைப்பு, மணம் எல்லாம் அவள் பார்த்துச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். என் சொந்தக் குசினியில் நானே விருந்தாளி மாதிரி நின்றேன். உடம்பைவிட மனசுதான் அதிகம் களைத்துப் போயிருந்தது.

அப்போதுதான் லிந்துலைத் தோட்டத்துக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவர். தோட்டத்துக் கல்யாணம் என்றால் லயத்துச் சனங்களே, அந்த வரிசை வீடுகளில் இருப்பவர்களே, கூடிச் சமைப்பதுதான் வழக்கம். ஒருத்தர் தேங்காய் திருவ, ஒருத்தர் வெங்காயம் உரிக்க, விறகு தூக்க, சட்டி கழுவ என்று முதல் நாளே தொடங்கிவிடும். கல்யாணம் முடிகிற நேரம் சமைத்தவர்கள் எல்லாரும் கரி அப்பிய முகத்தோடு பின்பக்கம் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"எங்க சனம் வருசம் பூரா மலையில நிக்கிறாங்க தங்கச்சி. எம்மக கல்யாணத்திலயாவது நல்ல சேலையக் கட்டிக்கிட்டு ஒக்காந்து சாப்பிடட்டும். அதான் டவுன்ல ஓடர் குடுப்போம்னு வந்தேன்" என்றார்.

அப்படி ஒரு காரணம் சொல்லி யாரும் என்னிடம் ஓடர் கொடுத்ததில்லை. சோறு மட்டும் அங்கேயே இரண்டு பேரை வைத்து வடித்துக்கொள்வது, கறிகள் எல்லாம் நான் சமைத்துக் கொண்டுபோவது என்று பேசி முடித்தோம். காலையில் கோயிலில் தாலி கட்டு. அதுவரை மண்டபப் பக்கம் கவிச்சி வரக்கூடாது. தாலி கட்டி முடிந்ததும் பகல் சாப்பாட்டுக்குக் கோழிக்கறி.

கல்யாணத்தன்று தங்கை மரக்கறிகளை எடுத்துக்கொண்டு த்ரீவீலில் முதலில் போய்விட்டாள். நான் கோழிக்கறியோடு வேனில் பின்னால் புறப்பட்டேன். இரண்டு பெரிய அலுமினியச் சட்டி நிறையக் கறி, தேங்காய்ப்பால் விட்டுத் தடிப்பாக வைத்தது. குளிரில் ஆறிவிடக்கூடாதே என்று மூடியை இறுக்கி, சுற்றிச் சாக்குகளைக் கட்டி, மேலே ஒரு பழைய கம்பளியையும் போர்த்தியிருந்தேன். எப்போதும் செய்வதுதான். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது போதும், இறக்கும்போது ஆவி பறக்கும்.

தலவாக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. எங்களுக்கு முன்னால் பஸ்களும் லொறிகளும் வளைவுக்கு வளைவு நின்றுகொண்டிருந்தன. பின்னாலும் வந்து சேர்ந்துகொண்டன. திரும்பவும் வழியில்லை. அங்கே நின்ற பொலிஸ்காரரிடம் போய்க் கேட்டேன். "தவ டிகக் இன்ன" என்றார் சிங்களத்தில், இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று. அவர் எல்லாரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்சம் காலை முழுவதையும் தின்றுவிட்டது. மெஷின் வந்து மண்ணைத் தள்ளி ஒரு பக்கப் பாதை திறக்கும்போது, தங்கை போனில் கூப்பிட்டாள். தாலி கட்டி முடிந்து சனம் மண்டபத்துக்கு வந்துவிட்டதாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. லயத்துப் பெண்கள் எல்லாரும் நல்ல சேலையில், தலையில் பூவோடு, வரிசையாகக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஓடி வந்தார். அவர் முகத்தில் இருந்த ஆறுதலைப் பார்த்து எனக்கும் ஆறுதலாக இருந்தது. பையன்கள் சட்டிகளை இறக்கிப் பின்கட்டில் வைத்தார்கள். நான் கம்பளியை எடுத்துவிட்டு, சாக்கை அவிழ்க்குமுன் அதன்மேல் கையை வைத்தேன்.

கதகதவென்று இருந்தது.

அந்தச் சூடு என் கைக்குத் தெரிந்த சூடு. எங்கள் பக்கத்துக் குளிரில் தயிர் சும்மா உறையாது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை குத்தி, சட்டியைத் துணியிலும் சாக்கிலும் சுற்றி அடுப்பு மூலையில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டதா என்று திறந்து பார்க்க மாட்டோம், மேலே கையை வைத்துப் பார்ப்போம். சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை அப்படிக் கை வைத்திருக்கிறேன். இன்று கோழிக்கறியைக் கொண்டுவந்து அதே மாதிரிச் சுற்றி, அதே சூட்டில், காலை முழுக்க வைத்திருக்கிறேன். பாலைப் புளிக்க வைக்கிற சூடு, கோழியையும் தேங்காய்ப்பாலையும் மட்டும் சும்மா விட்டுவிடுமா?

மூடியைத் திறந்தேன். எனக்கு நாறியது. ஆனால் எனக்குத்தான் நல்ல கோழியே நாறுமே. அந்த நாற்றத்தை நான் கணக்கில் எடுக்க முடியாது. கண்ணால் பார்த்தால் கறி நன்றாகத்தான் இருந்தது, எண்ணெய் மிதந்து, நிறமாக.

தங்கையைக் கூப்பிட்டேன். அகப்பையில் எடுத்து மணந்து பார்த்தாள், நாக்கில் வைத்தாள். "நல்லா இருக்குக்கா. சூடுதான் கொஞ்சம் கம்மி" என்றாள்.

"எனக்கு மனசு இல்ல. இதப் பரிமாற வேணாம்" என்றேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதற்குள் பெண்ணின் அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய்மாமா. கொழும்பில் ஹோட்டல் குசினியில் இருந்தவராம். அவர் ஒரு கோழித் துண்டை எடுத்துக் கடித்து, எலும்பையும் சப்பிவிட்டுச் சொன்னார்: "கறிக்கு ஒரு கொறையும் இல்ல. இந்தக் குளிருக்கு எது கெடும்? நொவரெலியாவே ஒரு ஃப்ரிட்ஜ்தானே. நீங்க தூக்கிட்டு வாங்க."

எங்கள் பகுதியில் எல்லாரும் சொல்வதுதான் இது. குளிர் நாட்டில் சாப்பாடு கெடாது என்று ஒரு நம்பிக்கை. குளிர் வெளியேதான் இருக்கிறது, சாக்குக்குள் இல்லை என்று நான் சொன்னேன். தயிர்க் கதையையும் சொன்னேன். அந்த மனுசன் சிரித்தார். "கோழிக்கு யாரும் ஒற குத்தலையே தங்கச்சி!" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். இன்னொருத்தர், மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

"திரிஞ்ச பாலக் கொதிக்க வெச்சா நல்ல பாலாகிடுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன்.

அப்போதுதான் தங்கை அதைச் சொன்னாள். பெண்ணின் அப்பாவைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில், "நீங்க பயப்படாதீங்கண்ணே. கறி நல்லாத்தான் இருக்கு. அக்காவுக்கு மூக்கு சரியில்ல, கொரோனாவுக்குப் பெறகு எல்லாமே நாத்தமாத்தான் தெரியும்" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பிழைப்பைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது மாதிரி இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூக்கே இல்லாத சமையல்காரி, தான் சமைத்த கறியைக் கெட்டுப்போயிற்று என்கிறாள், சாப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கிறது என்கிறார்கள். அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் யாரை நம்பியிருப்பேன்?

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் ஆடிப்போய்விட்டேன். சரி, பரிமாறுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கல்யாணம் நன்றாக நடக்கும், எனக்கும் நல்ல பெயர். ஏதாவது ஆனாலும், எல்லாரும் சொல்லித்தானே செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு இருந்த களைப்பில் இன்னொருத்தர் சொன்னபடி செய்துவிட்டு ஒரு மூலையில் உட்காரத்தான் ஆசையாக இருந்தது. கதவு வழியாக மண்டபத்தைப் பார்த்தேன். முன் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேரும் என் சட்டிக்காகத்தான் காத்திருந்தார்கள். மூக்கு என்னுடையது இல்லை, நாக்கு என்னுடையது இல்லை. ஆனால் கை என்னுடையதுதானே. கை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண்ணின் அப்பாவிடம் போனேன். "அண்ணே, இது நான் சமைச்ச கறி. இத நான் குடுக்க மாட்டேன். நீங்க என்ன ஏசினாலும் சரி" என்றேன். அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிறகு, "அப்ப சனத்துக்கு என்னா குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நான் இல்லை. நல்ல சேலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் லயத்துக்கு ஓடினார்கள். ஒருத்தி முட்டை கொண்டுவந்தாள், ஒருத்தி கருவாடு, ஒருத்தி உருளைக்கிழங்கு. கோயிலுக்கு மணம் எட்டாத தூரத்தில் அடுப்பு மூட்டினோம். முட்டையை அவித்து, கருவாட்டைப் பொரித்து, சம்பல் இடித்து, பருப்போடும் மரக்கறிகளோடும் சோறு போட்டோம். புகையில் அவர்கள் கண் எரிந்து, தலைப் பூ வாடி, பட்டுச் சேலையில் கரி பட்டது. பெண்ணின் அப்பா எதற்காக என்னைத் தேடி டிக்கோயா வரை வந்தாரோ, அது மட்டும் நடக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கருவாட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். அந்தத் தாய்மாமா, "கல்யாண வீட்டுல கருவாடு இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நான் கறியைப் பின்னால் குழி தோண்டிக் கொட்டச் சொன்னேன். என் கையால் சமைத்ததை என் கண் முன்னால் மண்ணில் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழிக்கறிக்கு நான் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தியும் இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கொட்டுவதற்கு முன்னால் யாரோ சில பேர் ஒரு வாளி கறியை ஒளித்து எடுத்துக்கொண்டு போய், மண்டபத்துக்குப் பின்னால் போத்தலோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் அதில் ஒருத்தர் எனக்கே போன் எடுத்தார். "அக்கா, கறி சூப்பருங்க. எங்களுக்கு ஒண்ணுமே ஆகல. அநியாயமா மண்ணுல கொட்டிட்டீங்களே!" என்று சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. நான் போனை வைத்துவிட்டு, குசினிப் படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேலாக அள்ளினார்களா, அடியில் அள்ளினார்களா, சாராயம் காப்பாற்றியதா, இல்லை கறி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்ததா, எனக்குத் தெரியாது.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு மூக்கு இல்லை என்ற செய்தி ராகலை வரை போய்விட்டது. நிச்சயமாகியிருந்த ஓடர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. மறுபடியும் கடைகளுக்கு இடியாப்பம் அவித்தேன். கொழும்பிலிருந்து வீட்டுக்காரர், "எல்லாரும் சொல்லும்போது நீ மட்டும் ஏன் புடிவாதம் புடிச்ச?" என்று கேட்டார். தங்கையும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே அடுப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு உப்பைத் தா, மிளகாயைத் தா என்று மட்டும் பேசிக்கொண்டோம். ஒரு நாள், ஒரு சின்னச் சடங்கு வீட்டுக்குக் கறி ஏற்றிவிட்டு வேன் கதவைச் சாத்தப்போனபோது அவள், "அக்கா, கை வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவள் இதைப் படித்தால் இல்லை என்பாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அதே பெண்ணின் அப்பா மறுபடியும் என் வாசலில் வந்து நின்றார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணமாம். அன்றைக்கு நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "லயத்துக்குப் பின்னால பெரிய அடுப்பு போட்டு, மேல தகரமும் அடிச்சிருக்கேன் தங்கச்சி. இந்த வாட்டி சட்டிய வேன்ல ஏத்த வேணாம். நீங்க அங்கேயே வந்து சமைங்க. எங்க சனம் ஒருத்தரும் அடுப்புப் பக்கம் வர மாட்டாங்க, அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

போனோம். நானும் தங்கையும் எங்கள் பெண்களும் மட்டும் சமைத்தோம். லயத்துச் சனம் மண்டபத்தில் நல்ல சேலையோடு உட்கார்ந்திருந்தது. உதவிக்கு எழுந்து வந்த ஒன்றிரண்டு பேரையும் அவர் விரட்டிவிட்டார். பரிமாறப் போகிற நேரம் அவரே பின்பக்கம் வந்தார். கறியை மணக்கவில்லை, ருசி பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சட்டியில் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்து உதறிக்கொண்டு, "சுடுதுங்க. குடுக்கலாம்" என்றார். தங்கை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகை பட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் மூக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்பும் என்றும் நான் நினைக்கவில்லை. அன்று மண்ணில் கொட்டிய கறி கெட்டிருந்ததா, நன்றாக இருந்ததா என்பதும் எனக்குத் தெரியப்போவதில்லை. முன்பெல்லாம் அதை நினைத்து நினைத்துத் தூக்கம் கெடும். நீ செய்தது சரிதான் என்று யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். இப்போது அந்தக் காத்திருப்பு போய்விட்டது. சமைத்தவள் நான், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவளும் நான்தான். சரியா பிழையா என்று தெரியாமலே அன்று எடுத்த அந்த முடிவை, அதே சட்டி அதே சூட்டில் மறுபடி என் முன்னால் வந்தாலும், இதே களைப்போடு மறுபடியும் எடுப்பேன்.